கோடிட்ட இடம்

பாளையங்கோட்டையில் ஒரு டயர் கடையின் மாடியில் செல்வின் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தார். அவரிடம் படித்த ஜெசிந்தா அவரைவிட வயதில் மூத்தவள். தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். மறுநாள் காலை அவளுக்கு அயர்லாந்து வேலைக்கான இன்டர்வியூ. ஏற்கெனவே இரண்டு முறை பேச்சு திக்கி நின்று தோற்றிருந்தாள். இந்த முறையும் தோற்றால் ஏஜென்சிக்காரர்கள் பெயரை அடித்துவிடுவார்கள்.

அன்று மாலை ஒத்திகை. தப்பு வந்தால் செல்வின் பேனாவால் மேசையில் ஒரு தட்டுத் தட்டுவார். விளக்கம் கிடையாது. அந்தத் தட்டிலிருந்து யாரும் தப்பியதில்லை. கீழே டயர் கடைக்காரர் போனில் இங்கிலீஷ் பேசினால்கூட மாடியில் பேனா தட்டும் என்பார்கள்.

எங்கே வேலை பார்க்கிறீர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"ஐ ஆம் வொர்க்கிங்..." என்று தொடங்கி ஜெசிந்தா நின்றாள். 'இன்'னா, 'ஆன்'னா, 'அட்'டா? அதற்குப் பிறகு 'ஏ' வருமா, 'தி' வருமா? கோடிட்ட இடங்களை நிரப்பும் பயிற்சியை வாய்விட்டுப் படித்துப் பழகிய நாக்கு தானாக நகர்ந்தது.

"...டேஷ் ஹாஸ்பிட்டல்."

பேனா தட்டியது.

"டேஷ் ஆஸ்பத்திரி எந்த ஊர்ல இருக்குன்னு அயர்லாந்துக்காரன் தேடப் போறான், சிஸ்டர்."

"சிரிக்காதீங்க சார். பேப்பர்ல கொடுத்தா ஒண்ணு விடாம எழுதிருதேன். வாயைத் திறந்தாத்தான் சொல்லுக்குச் சொல் பள்ளம் கெடக்கு. நீங்க எப்படி சார் விழாமப் போறீங்க? அதை மட்டும் சொல்லுங்க."

அவர் வாயெடுப்பதற்குள் அவளுடைய போன் அடித்தது. வகுப்பில் போன் எடுக்கக் கூடாது. அணைக்கப் போனவள் ஆஸ்பத்திரி எண்ணைப் பார்த்துத் தயங்கினாள்.

"எடுங்க," என்றார் செல்வின்.

நெங்போய். மணிப்பூரிலிருந்து புதிதாக வந்த நர்ஸ். தமிழ் தெரியாது. பாம்பு கடித்த ஒருவரைக் கொண்டுவந்திருக்கிறார்கள். விஷமுறிவு மருந்து வழக்கமாக வைக்கும் ஃபிரிட்ஜில் இல்லை. டாக்டர் கத்துகிறார்.

ஜெசிந்தா எழுந்துவிட்டாள். அந்த ஃபிரிட்ஜ் மதியமே நின்றுபோனது, மருந்தை மாற்றி வைத்தேன், பிரசவ வார்டுக்கு ஓடு என்றாள். கதவுக்குப் பின்னால் ஒரு சின்ன ஃபிரிட்ஜ். அதில் கடைசி அடுக்கு. தடுப்பூசி டப்பாக்களுக்குப் பின்னால் பார். இல்லையா? இருக்கிறது. கையை நன்றாக உள்ளே விடு. நீல மூடி. இடது பக்கம், சுவரை ஒட்டி.

அத்தனையும் ஆங்கிலத்தில்.

மறுமுனையில் கொஞ்ச நேரம் டப்பாக்கள் உருளும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு நெங்போய் ஏதோ சொன்னாள். ஜெசிந்தா நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"கிடைச்சிருச்சு சார்."

செல்வின் மூச்சு விட்டார்.

முகத்தைத் துடைத்துக்கொண்டபோதுதான் அவளுக்குப் பேனாவின் நினைவு வந்தது. இவ்வளவு பேசியும் ஒரு சத்தம் கேட்கவில்லையே. பதற்றத்தில் காதில் விழுந்திருக்காது.

"கண்டபடி பேசிட்டேன். எத்தனை தப்பு சார்?"

செல்வின் மேசையில் பேனாவைத் தேடினார். அது தரையில் கிடந்தது. குனிந்து எடுத்தார்.

"அதை யாரு கவனிச்சா சிஸ்டர்? நானும் அந்த ஃபிரிட்ஜுக்குள்ளதான் கையை விட்டுத் தேடிக்கிட்டிருந்தேன்."