உதடு படாத செம்பு

கிறிஸ்தவக் கோயிலின் திருவிருந்தில் திராட்சரசத்தை எல்லாரும் ஒரே பாத்திரத்தில் குடிப்பதா, ஆளுக்கொரு சின்னக் கிண்ணமா என்று சபையில் சண்டை. வாதத்தில் தோற்கிற கட்சி கோயிலை விட்டு வெளியேற வேண்டும் என்று முடிவானது.

ஒரே பாத்திரத்துக்காகப் பேசியவர் எபநேசர், மரக்கடை முதலாளி. ஐம்பது வயதுக்கு மேல் சலோமி டீச்சரிடம் கிரேக்கம் படிக்க வந்த சீடர். டீச்சருக்கு அவர் மகள் வயதுதான். நாலு வார்த்தை படித்ததுமே மனிதருக்கு நாக்கு நீண்டுவிட்டது.

வாதம் முடிந்த கையோடு டீச்சர் வீட்டுக்கு வந்தார். டீச்சர் கொடுத்த செம்பில் வாய் வைத்து மடமடவென்று குடித்தார்.

"நொறுக்கிட்டேன் டீச்சர். வேதத்தோட கிரேக்க மூலத்தையும் எல்லா மொழிபெயர்ப்பையும் பக்கத்துல பக்கத்துல வச்சேன். ஆளுக்கொரு கிண்ணம்னு எதுலயாவது இருக்கா, காட்டும்யான்னேன்."

"எதிர்ல யாரு?"

"கீழத்தெரு தாசையா உபதேசியார், பாத்திரம் கடைசியாப் போற வரிசைக்காரர். 'எதுக்குய்யா உங்களுக்குத் தனித்தனிக் கிண்ணம்? காரணத்தைச் சொல்லும்!'னு கேட்டேன். வாயே திறக்கல."

"ஒண்ணுமே சொல்லலையா?"

"மூச்! குனிஞ்சுக்கிட்டே நின்னாரு. ஜனம் கைதட்டிருச்சு. கீழத்தெரு ஆளுங்க அத்தனை பேரும் வெளிய."

வாசலில் யாரோ செருப்பைக் கழற்றும் சத்தம். தாசையாவேதான். உள்ளே எபநேசரைப் பார்த்ததும் படியிலேயே நின்றுவிட்டார்.

"உள்ள வாங்க உபதேசியாரே," என்றார் டீச்சர்.

"இருக்கட்டும்மா. வர்ற ஞாயித்துக்கிழமை பேத்திக்கு ஞானஸ்நானம். அதை மட்டும் நம்ம கோயில்லயே வச்சுக்கிடட்டுமான்னு நீங்க சபையில கேட்டுச் சொல்லணும்னு வந்தேன். என் மகனுக்கும் அங்கதான் கொடுத்தாங்க. அப்புறம் நாங்க போயிடுறோம்."

எபநேசர் நாற்காலியில் சாய்ந்தார். கடையில் விலை பேசும் குரல் வந்தது.

"பேத்திக்கு மட்டும்னா பேசலாம். ஆனா அன்னைக்கு மத்தியானமே உங்ககிட்ட இருக்கிற கோயில் சாவியைக் கொடுத்துடணும். சம்மதமா?"

தாசையா தலையாட்டினார்.

"வெயில்ல வந்திருக்கீங்க. முதல்ல தண்ணி குடிங்க," என்று டீச்சர் அதே செம்பை நீட்டினார்.

தாசையா குடிக்கக் கையைக் குவித்தார்.

"செம்புல வாய் வச்சே குடிங்க."

தயங்கித் தயங்கி வாய் வைத்துக் குடித்தார். விளிம்பைத் துண்டால் ஒருமுறைக்கு இருமுறை துடைத்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். டீச்சர் அதை எபநேசரிடம் நீட்டினார்.

பேரம் முடிந்த திருப்தியில் எபநேசர் செம்பை வாங்கினார். தலையை அண்ணாந்தார். செம்பை ஒரு சாண் உயரத்தில் பிடித்து, உதட்டில் படாமல் தண்ணீரை வாய்க்குள் ஊற்றினார். ஒரு சொட்டு சிந்தவில்லை.

செம்பைக் கீழே வைத்தபோது தாசையா குனிந்து நின்றார். சபையில் நின்றாரே, அதே மாதிரி.

எபநேசர் நாற்காலி விளிம்புக்கு நகர்ந்தார்.

"பழக்கம் டீச்சர்... கை தானா தூக்கிருச்சு..."

"நான் வர்றேம்மா," என்று தாசையா திரும்பினார்.

"இருங்க உபதேசியாரே." டீச்சர் எபநேசரைப் பார்த்தார். "சபையில இவர்கிட்ட ஒரு கேள்வி கேட்டீங்களே, எதுக்குத் தனித்தனிக் கிண்ணம்னு. இப்பக் கேளுங்க."

எபநேசர் வாயே திறக்கவில்லை.