பல்லி உச்சுக்கொட்டிய கதை

அந்தக் காலத்தில், ஊர்வனவும் பறப்பனவும் வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தபோது, பேச்சில் எல்லாரையும்விடக் கெட்டிக்காரன் பல்லிதான். பாழடைந்த மண்டபத்துச் சுவர் அவன் வீடு. தன் கையால் ஒரு துரும்பைக்கூட எடுத்து வைத்தவனில்லை. ஆனால் குருவி கூடு கட்டினால் குப்பை என்பான், சிலந்தி வலை பின்னினால் கந்தல் என்பான். சொன்னது பெரும்பாலும் சரியாகவே இருந்து தொலைக்கும். அதனால்தான் அவன்மேல் எல்லாருக்கும் அவ்வளவு எரிச்சல்.

ஐப்பசி பிறக்கும் சமயம். குளவி அந்தச் சுவரில் மண்வீடு கட்டி முட்டையிட்டாள். போன வருஷத்துப் பிள்ளைகளை எறும்பு கொண்டுபோய்விட்டது. இந்தத் தடவையாவது பிழைக்கட்டும் என்று உயிரைக் கொடுத்துக் கட்டியிருந்தாள். பல்லி வந்து பார்த்து, மண் குழைக்கத் தெரியாத கை என்று ஆரம்பித்தான்.

குளவிக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "அண்ணே, ஒரு நாளாவது ஒரு உருண்டை மண்ணு சுமந்திருக்கியா? இனிமே எங்க வேலையப் பத்தி ஒரு சொல்லும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணு."

சோறு வேகவில்லை என்று சொல்ல உலை வைத்திருக்க வேண்டுமா என்று கேட்டுப் பார்த்தான். குருவியும் சிலந்தியும் குளவி பக்கம் சேர்ந்துகொண்டார்கள். அவனுக்கு முதல்முறையாக வெட்கமாகிவிட்டது. சத்தியம் செய்தான்.

அன்று சாயங்காலமே வானம் கறுத்துத் தூறல் விழுந்தது. சுவரில் ஒட்டிக் கிடந்த பல்லியின் வயிற்றில் ஈரம் பட்டது. மழைத்தண்ணீர் இறங்கும் தடம் அது. நேரே குளவி வீட்டுக்குப் போகிறது. மேலே சின்னதாக ஒரு மண்வரம்பு வைத்தால் போதும். மண் சுமக்காதவன்தான், ஆனால் அந்தச் சுவரை அவனைப்போல் அறிந்தவர் யார்? வாயைத் திறந்தான். சத்தியம் நினைவுக்கு வந்து மூடிக்கொண்டான். மனம் பொறுக்காமல் உச்சுக்கொட்டினான்.

"பேச முடியலைன்னதும் உச்சுக்கொட்டிக் கேலி பண்றியா?" என்றாள் குளவி.

அவன் மறுபடியும் உச்சுக்கொட்டினான். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

விடிந்தபோது சுவரில் ஒரு மண்கறை மட்டும் இருந்தது. குளவி அதையே சுற்றிச் சுற்றிப் பறந்துகொண்டிருந்தாள். சத்தியம் போனால் போகட்டும் என்று பல்லிக்கு அப்போதுதான் தோன்றியது. பாவி, சொல்வதற்கு இனி என்ன இருக்கிறது?

அன்று முதல்தான் பல்லி பேச்சை விட்டுவிட்டு உச்சுக்கொட்ட மட்டும் செய்கிறது. நாமும் ஒரு காரியத்துக்குக் கிளம்பும்போது அதைக் கேட்டு நின்று, நல்லதுக்குச் சொல்கிறதா கெட்டதுக்குச் சொல்கிறதா என்று தெரியாமல் விழிக்கிறோம்.