சிவப்பில் மிதித்த கிளட்ச்

"வருசத்துல இது மூணாவது கிளட்ச். இந்தத் தடவை பலமா ஒண்ணு போட்டுக் குடு அம்மணி."

ரங்கதுரை நூற்பாலை மேலாளர். வயது ஐம்பத்தெட்டு. கையில் இங்கிலாந்திலிருந்து வரவழைத்த பெட்டி. உள்ளே பந்தயக் கார்களுக்கான கிளட்ச்.

மெக்கானிக் தமயந்திக்கு முப்பத்திரண்டு. பொம்பளையிடம் இன்ஜினைக் கொடுப்பதா என்று கேட்டவர்கள் ஊரெல்லாம் சுற்றிவிட்டு அவளிடமே வந்து சேர்வார்கள். ரங்கதுரையும் அப்படி வந்தவர்தான்.

அவருடைய கார் அறுபதுகளில் இங்கிலாந்தில் செய்த ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே இருக்கை. கிளட்ச் மாற்றுவதென்றால் இன்ஜினையே வெளியே தூக்க வேண்டும்.

தூக்கியாகிவிட்டது. இன்ஜின் சங்கிலியில் தொங்கிக்கொண்டிருந்தது.

"இதுவும் போச்சுன்னா வண்டிய வித்தர்றேன்னு வீட்டுல சொல்லிட்டேன். எனக்கும் சலிச்சுப் போச்சு."

தமயந்தி பழைய கிளட்ச்சிலிருந்து கழற்றிய ஒரு வளையத்தை அவர் உள்ளங்கையில் வைத்தாள். விரலெல்லாம் கரி.

"கிளட்ச் தட்டு புதுசாட்டம் இருக்குதுங்க. தேஞ்சது இந்தக் கரி வளையந்தான். பெடலை மிதிச்சிருக்கற நேரம் மட்டுந்தான் இது உரசும்."

"அதான் பலமானதாக் கொண்டாந்திருக்கறனே?"

"அதைப் போட்டா அழுத்தம் கூடி இது இன்னும் சீக்கிரம் தேயும்."

"மிதிக்காம எவன் ஓட்டுவான்? தப்பு வண்டி மேலயா, என் மேலயா? நேராச் சொல்லு."

அவள் நேராகச் சொல்லவில்லை. தன் வேன் சாவியை எடுத்து நீட்டினாள்.

"டீ குடிக்கப் போலாங்க. நீங்க ஓட்டுங்க."

அவருக்கு எரிச்சல். ஆனாலும் ஓட்டினார்.

நாற்சந்தியில் சிவப்பு விழுந்தது. சிக்னல் பலகையில் நூற்றுப் பத்து விநாடி. அவர் முதல் கியரைப் போட்டு, கிளட்ச்சை அடிவரை மிதித்தபடி காத்திருந்தார்.

தமயந்தி அந்தக் காலையே பார்த்தாள்.

"நியூட்ரல் பண்ணிட்டுக் காலை எடுங்க சார்."

"பச்சை விழுந்துருமே."

"இன்னும் தொண்ணூத்தாறு இருக்குது."

"பின்னாடி ஆரன் அடிப்பான்."

"இன்னும் அடிக்கலீங்களே."

"அடிச்சா?"

"அடிக்கட்டும்."

அவர் சண்டைக்கு வாயைத் திறந்தார். சண்டை போடத் தெம்பில்லை. நியூட்ரலுக்குத் தள்ளிவிட்டுக் காலை எடுத்துத் தரையில் வைத்தார்.

எழுபத்திரண்டு. எழுபத்தொன்று.

இடது முழங்கால் நடுங்கியது. கையால் அழுத்திப் பார்த்தார். கையையும் சேர்த்து ஆட்டியது. வேறு யாருடைய காலையோ பார்ப்பதுபோல் அதைப் பார்த்தார்.

பின்னால் யாரும் ஆரன் அடிக்கவில்லை.

"அம்மணி, இது எப்ப இருந்து இப்படி ஆடுது?"

"எனக்கெப்படிங்க தெரியும்? நான் வண்டி மட்டுந்தான் பாப்பேன்."