இளையவனுக்கு வர வேண்டிய ஒரு வரி

இளையவனுக்கு முதல் அநியாயம் செய்தவன் அவன் கூடப்பிறந்த அண்ணன்தான். டீச்சர் செய்தது இரண்டாவது. பிள்ளைகள் செய்தது அதற்கும் பிறகு. வரிசை மாறாமல் எல்லாவற்றையும் அவன் நெஞ்சில் வைத்திருந்தான்.

ஓர் ஊர்ப் பள்ளிக்கூடத்தில், ஆறாம் வகுப்பு வாசலுக்குப் பக்கத்தில் மேசை போட்டு ஒரு கம்ப்யூட்டர் வைத்திருந்தார்கள். அதன் திரைக்குள் கட்டளைக் கட்டைகள் குடியிருந்தன. பிள்ளைகள் அந்தக் கட்டைகளை இழுத்து ஒன்றின்கீழ் ஒன்றாக அடுக்கினால், அந்த வரிசைப்படி கம்ப்யூட்டர் வேலை செய்யும்.

அந்தக் கட்டைகளில் அண்ணனும் தம்பியும் ஒரே உடம்பாக ஒட்டிப் பிறந்தவர்கள். மேலே இருந்த மூத்தவன் நெற்றியில் ‘இருந்தால்’ என்று எழுதியிருக்கும். கீழே இருந்த இளையவன் நெற்றியில் ‘இல்லாவிட்டால்’. ஆளுக்கொரு வாய் உண்டு. தங்களுக்குள் எதை வேண்டுமானாலும் பேசிக்கொள்ளலாம். திரைக்கு வெளியே கேட்க வேண்டுமென்றால், பிள்ளைகள் வாய்க்குள் வைத்த வரியை மட்டும்தான் பேச முடியும்.

பாடம் தொடங்கிய அன்று மூத்தவன் சொன்னான்: “சின்னப் பிள்ளைங்க தம்பி. ரெண்டு பேரும் ஒரே நாள்ல போய் நின்னா மிரண்டுபோயிரும். இன்னிக்கு நான் போறேன். நாளைக்கு உன்னைக் கூப்பிட்டு விடறேன்.”

இளையவன் நம்பினான். அது ஆடி மாதத்துச் செவ்வாய்க்கிழமை. ஆவணி வந்தது, புரட்டாசி வந்தது, ஐப்பசி மழை வந்தது. அண்ணன் சொன்ன நாளை மட்டும் வரவில்லை.

கார்த்திகைக் கடைசியில் பொற்கொடி டீச்சர் பிள்ளைகளுக்கு ஒரு வேலை கொடுத்தார். வகுப்புக்கு வருகிறவர்கள் தங்கள் பெயரை அடித்தால் கம்ப்யூட்டர் அவர்களுக்கு வணக்கம் சொல்ல வேண்டும். இருபத்தாறு பிள்ளைகளின் பெயரையும் ஒரு பட்டியலில் ஏற்றினார்கள். பெயர் பட்டியலில் இருந்தால் மணி அடித்து வணக்கம் சொல் என்று மூத்தவன் வாய்க்குள் வைத்தார்கள்.

லிதிஷா என்ற பெண்தான் அதைக் கவனித்தாள். “மிஸ், கீழ ஒரு வாய் காலியா இருக்கே. அதுல என்ன வைக்கறது?”

இளையவனுக்கு உயிர் வந்தது.

டீச்சர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “அது கிடக்கட்டும் கண்ணு. நம்ம கிளாஸ்ல இருபத்தாறு பேரு. இருபத்தாறும் லிஸ்ட்ல இருக்கு. வேற யாரு வரப்போறா?”

பிள்ளைகளும் சரி மிஸ் என்று எழுந்து ஓடிவிட்டார்கள்.

“அண்ணே, எனக்கும் ஒரு வரி கேட்டு வாங்கிக் குடு” என்றான் இளையவன்.

“பேரு பட்டியல்ல இல்லாம நான் தோத்தாத்தான் உனக்கு வேலை. நான் தோக்கணும்னு வேண்டிக்கறியா?”

“நீ தோத்து எனக்கென்ன ஆகப்போகுது? உன்கிட்ட வந்துட்டு வணக்கம் கிடைக்காமத் திரும்பறவங்களுக்காகக் கேக்கறேன்.”

“அப்படி யாராவது இதுவரைக்கும் வந்திருக்காங்களா?”

“வரல.”

“அப்புறம் என்ன?”

கட்டைகளைத் தூக்கிக்கொண்டு திரையெங்கும் அலையும் சுட்டி அம்பு இதைக் கேட்டுச் சிரித்தது. “சித்தப்பா, பல்லு இல்லாத வாயைப் பாத்திருக்கேன். சொல்லு இல்லாத வாயை உங்ககிட்டதான் பாக்கறேன்.”

“கிண்டல் இருக்கட்டும். நீயாவது ஒரு வரியைத் தூக்கிட்டு வந்து போட்டுட்டுப் போயேன்டா.”

“பிள்ளைங்க கை இழுத்தாத்தான் நான் நகருவேன். எனக்குன்னு ஒரு போக்கு இருந்தா இங்கயா கிடப்பேன்? சரி, என்ன வரி வேணுமாம் உங்களுக்கு?”

இளையவன் மாதக்கணக்கில் மனசுக்குள் சொல்லிப் பார்த்து வைத்திருந்ததைச் சொன்னான். “உன்னை எனக்குத் தெரியல, ஆனாலும் உள்ள வா.”

“இவ்வளவுதானா?” என்றது அம்பு. அதற்கப்புறம் அது சிரிக்கவில்லை.

பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளி திறந்தது. செங்கல் சூளைக்கு வேலைக்கு வந்த குடும்பத்திலிருந்து செவந்தி என்ற பெண் ஆறாம் வகுப்பில் சேர்ந்தாள். டீச்சர் வருகைப் பதிவேட்டில் இருபத்தேழாவதாக அவள் பெயரை எழுதினார். கம்ப்யூட்டர் பட்டியலில் ஏற்ற அவருக்குத் தோன்றவில்லை.

மறுநாள் காலையில் பிள்ளைகள் மேசையைச் சூழ்ந்துகொண்டு ஒவ்வொருவராகப் பெயரை அடித்தார்கள். ஒவ்வொருவருக்கும் மணி அடித்தது, வணக்கம் கிடைத்தது. செவந்தி கடைசி வரை நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முறை வந்ததும் ஒற்றை விரலால் எழுத்துகளைத் தேடித் தேடி அடித்தாள். அடித்துவிட்டு, வணக்கத்தை வாங்கிக்கொள்ளத் தயாராகக் கைகளைக் கூப்பிக்கொண்டாள்.

மூத்தவன் பட்டியலை மேலிருந்து கீழ்வரை பார்த்தான். “இல்லையே” என்றான். கீழே குனிந்து, “தம்பி, இது உன் ஆளு” என்றான்.

பிறந்ததிலிருந்து யாரும் அவனை வேலைக்குக் கூப்பிட்டதில்லை. இளையவன் வாயை அகலத் திறந்தான். யாரும் வைக்காத வரி எங்கிருந்து வரும்? திரை அசையவில்லை.

“தப்பா அடிச்சிருப்ப” என்றான் கவின் என்ற பையன். செவந்தி அழித்துவிட்டு மறுபடி அடித்தாள்.

“அப்பா பேரோட முதலெழுத்தைச் சேத்துப் பாரு.” சேர்த்துப் பார்த்தாள்.

“அதுக்கு உன்னைப் புடிக்கல போல!” யாரோ சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள்.

“என்னடா அங்க கூட்டம்? உள்ள வாங்க!” என்று டீச்சர் குரல் கொடுத்ததும் பிள்ளைகள் ஓடினார்கள். செவந்தி மட்டும் நின்றாள். கூப்பிய கைகளை எப்போது இறக்கினாள் என்று தெரியவில்லை.

“அண்ணே, நீயே சொல்லிடு. ஒரே ஒரு தடவை” என்று இளையவன் கெஞ்சினான்.

“பட்டியல்ல இல்லாத பேருக்கு நான் எப்படிச் சொல்ல?”

“பொய்யாச் சொல்லு.”

“எனக்கு அது வராது தம்பி.”

செவந்தி ஒருமுறை வகுப்புக்குள் எட்டிப் பார்த்தாள். பிறகு மேசைப் பக்கம் திரும்பி, லிதிஷா என்று அடித்தாள்.

மணி அடித்தது. ‘வணக்கம், லிதிஷா’ என்றது திரை. செவந்தியின் முகம் மலர்ந்தது. அந்த முகத்தோடு உள்ளே போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தாள்.

“அண்ணே, அவ லிதிஷா இல்ல.”

“அது எனக்கெதுக்கு? பட்டியல்ல இருந்துச்சு, சொன்னேன். இன்னிக்கும் யாரையும் நான் விட்டுடல” என்றான் மூத்தவன்.

அடுத்த நாள் செவந்தி தன் பெயரை அடித்துப் பார்க்கவே இல்லை. வந்ததும் லிதிஷா என்று அடித்தாள். அதற்கடுத்த நாளும் அப்படித்தான். ஒரு வாரத்தில் அந்த எழுத்துகளைத் தேடாமலே அடிக்கப் பழகிவிட்டாள். இளையவனை மறுபடி யாரும் கூப்பிடவில்லை.

மாதக் கடைசியில் பொற்கொடி டீச்சர் ‘இருந்தால், இல்லாவிட்டால்’ என்ற நிபந்தனைப் பாடம் முடிந்தது என்று கரும்பலகையில் எழுதிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போனார். வணக்கம் சொன்ன கம்ப்யூட்டருக்காகப் பிள்ளைகள் கைதட்டினார்கள். செவந்தியும் தட்டினாள்.

அந்தப் பெண்ணுக்கு இளையவன் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று மற்றக் கட்டைகள் இன்றுவரை அவனைத்தான் குறை சொல்கின்றன. அவனுக்குக் கொடுக்க வேண்டிய அந்த ஒரு வரியை இன்னும் யாரும் கொடுக்கவில்லை.