பச்சைக் கட்டம் யார் மேல்?

ஆறுமுகநயினார் சிஷ்யனாகப் போய்ச் சேர்ந்தபோது அவருக்கு ஐம்பது தாண்டியிருந்தது. குருவுக்கு முப்பத்துச் சொச்சம்.

குருவின் பெயர் ஜெசிந்தா. பாளையங்கோட்டையில் ஒரு பத்திரிகைக்கு விளையாட்டுப் படங்கள் எடுப்பவள். நயினார் தண்ணீர் மோட்டார் கடைக்காரர். வந்த அன்று அவர் கழுத்தில் ஒரு புதுக் கேமரா தொங்கியது. லென்ஸ் ஒரு சுரைக்காய் நீளம் இருந்தது.

"டீச்சர், எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரிஞ்சாப் போதும். ஓடுத ஆளைப் படம் எடுக்க எந்த மோடு வைக்கணும்?"

"உங்க கேமராவுல என்னென்ன மோடு இருக்கு?"

நயினார் மூச்சுவிடாமல் ஒப்பித்தார். ஒரு தடவை பிடித்து அப்படியே நின்றுவிடும் ஃபோகஸ். விடாமல் பிடித்துக்கொண்டே போகும் ஃபோகஸ். ஒற்றைப் புள்ளி, சின்ன வட்டாரம், முழுத் திரை. ஆளைத் துரத்திக்கொண்டு போகும் டிராக்கிங். அதற்குள் மனிதர், விலங்கு, பறவை, கார், ரயில், விமானம். யூடியூபில் அவர் பார்க்காத பாடம் பாக்கி இல்லை.

"எல்லாத்தையும் வச்சுப் பாத்தாச்சா?"

"பாத்தாச்சு. ரயில் கூட வச்சுப் பாத்தேன்."

"ஓடுனது யாரு?"

"எம் மவ."

ஜெசிந்தா சிரிக்கவில்லை. அந்த இடத்தில்தான் நயினாருக்கு அவள் மேல் மரியாதை வந்தது.

"படத்தைக் காட்டுங்க அண்ணாச்சி."

காட்டினார். அவர் மகள் நித்திலா பள்ளிக்கூடத்துக்காக எண்ணூறு மீட்டர் ஓடுகிறவள். முதல் படத்தில் மஞ்சள் சட்டைப் பெண் ஒருத்தி, தலையில் செருகிய கிளிப் வரை துல்லியமாக இருந்தாள். அவளுக்குப் பின்னால் நீலமாக ஒரு புகை. அந்தப் புகைதான் நித்திலா. அடுத்த படத்தில் விசில் ஊதுகிற பி.டி. மாஸ்டர் அருமையாக விழுந்திருந்தார். அதற்கடுத்ததில் வேலிக்கு வெளியே ஐஸ் விற்கிறவரின் மீசை முடியை ஒவ்வொன்றாக எண்ணலாம். கேமராவில் ஃபோகஸ் யார் மேல் விழுகிறது என்று காட்டும் பச்சைக் கட்டம், நித்திலாவைத் தவிர ஊரில் எல்லார் மேலும் உட்கார்ந்து எழுந்திருந்தது.

"மவ பாத்தாளா?"

"பாத்தா." நயினார் குரலைத் தாழ்த்தினார். "'இந்த மஞ்சச் சட்டை அக்காகிட்டக் குடுத்துருங்கப்பா, அவங்க வீட்லகூட இவ்வளவு நல்ல படம் இருக்காது'ன்னா."

"வேற?"

"'மாவட்டப் போட்டிக்கு நீங்க வர வேண்டாம்'னா."

அதை அவள் கோபமாகச் சொல்லியிருந்தால்கூட நயினார் தாங்கியிருப்பார். ஷூ கயிறு கட்டிக்கொண்டே, குழம்புக்கு உப்பு போதும் என்று சொல்வதுபோலச் சொல்லியிருந்தாள்.

"போட்டி என்னைக்கு?"

"அடுத்த ஞாயித்துக்கிழமை. அவளுக்குத் தெரியாமப் போய் ஒளிஞ்சு நின்னாவது எடுத்துருவேன். ஒரே ஒரு படம் சுத்தமா விழுந்தாப் போதும். எந்த மோடு டீச்சர்?"

"நாளைக்குக் காலைல வாங்க. கேமராவை வீட்ல வச்சிட்டு வாங்க."

மறுநாள் ஜெசிந்தா தன் ஸ்கூட்டரின் பின்னால் அவரை ஏற்றிக்கொண்டு ஊருக்கு வெளியே போனாள். அறுவடை முடிந்த வயலில் வாத்துகள் மேய்ந்துகொண்டிருந்தன. ஒன்றா இரண்டா, வயலே எழுந்து நடப்பதுபோல இருந்தது.

"ஒரு வாத்தைப் பிடிங்க அண்ணாச்சி."

நயினார் வேட்டியை மடித்துக் கட்டினார்.

"கையால இல்ல. கண்ணால."

"ஓ."

அவர் ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். சாம்பல் நிறம், வால் கொஞ்சம் கோணல்.

"நான் டீ குடிச்சிட்டு வாரேன். வந்து கேப்பேன். உங்க வாத்து எங்கன்னு காட்டணும்."

அவள் போனதும் நயினார் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார். ஒரு வாத்தைப் பார்ப்பதில் என்ன இருக்கிறது? பார்த்துக்கொண்டே இருந்தார். அப்போது முன்வரிசையில் ஒரு பெரிய வாத்து இறக்கையை விரித்துக் கத்திக்கொண்டு ஓடியது. அதன் பின்னால் நாலைந்து ஓடின. எது ஜெயிக்கும் என்று நயினார் ஒரு நிமிஷம் கவனித்தார். திரும்பிப் பார்த்தால் வயல் முழுக்கச் சாம்பல் நிற வாத்துகள்.

ஜெசிந்தா வந்தாள். நயினார் கூசாமல் ஒன்றைக் காட்டினார்.

"அதோ அதுதான்."

"அதுக்கு வால் நேரா இருக்கு அண்ணாச்சி."

"நடந்து நடந்து நிமிந்துட்டு போல."

ஜெசிந்தா மறுபடியும் டீ குடிக்கப் போய்விட்டாள்.

நயினாருக்கு ரோஷம் வந்தது. கோணல் வாலைத் தேடிக் கண்டுபிடித்தார். இந்தத் தடவை எது கத்தினாலும் திரும்புவதில்லை என்று இருந்தார். வாத்து வரப்பைத் தாண்டியது, அவரும் தாண்டினார். வாத்து சேற்றில் இறங்கியது. நயினார் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு தானும் இறங்கினார். கணுக்கால் போய் முழங்கால் வரை சேறு ஏறியது.

வாத்து மேய்க்கிறவர் கம்பை ஊன்றிக்கொண்டு வந்தார்.

"என்னவே, வந்ததுலேருந்து ஒரே வாத்தையே பாத்துக்கிட்டு இருக்கீரு?"

"சும்மாதான்."

"சும்மா பாக்கதுக்கு எதுக்குவே சேத்துல இறங்குதீரு? விலைக்கு வேணுமா?"

"விலைக்கு வேண்டாம். பாத்தாப் போதும்."

இந்தப் பதில் வாத்துக்காரருக்குச் சமாதானமாக இல்லை. கம்பை வலது கைக்கு மாற்றிக்கொண்டு நயினாருக்கு இன்னும் பக்கத்தில் வந்து நின்றுகொண்டார். அதன்பிறகு நயினார் வாத்தைப் பார்த்தார். அவர் நயினாரைப் பார்த்தார்.

ஜெசிந்தா திரும்பி வந்தபோது நயினார் வயலுக்கு நடுவிலிருந்து கத்தினார்.

"டீச்சர்! இந்தா இருக்கு! வால் கோணல்தான், சந்தேகமே இல்ல! தண்ணிக்குள்ள மூக்கை விடுததுக்கு முன்னால ஒவ்வொரு தடவையும் இடது பக்கம் திரும்பிப் பாக்குது! தெரிஞ்சதும் நான் அது தலையைப் பாத்தே அடுத்து என்ன செய்யும்னு சொல்லிட்டேன்!"

"வாங்க மேல."

வரப்பில் ஏறி நின்ற சீடரின் முகம் பரீட்சையில் பாஸான முகமாக இருந்தது.

"ஓடுததுக்கு முன்னால கோட்டுல நிக்கும்போது, நித்திலா எந்தக் காலை முன்னால வப்பா?"

நயினார் வாயைத் திறந்தார். மாவட்டத்தில் எண்ணூறு மீட்டர் ஓடும் பெண்களின் பெயர், பள்ளிக்கூடம், போன வருஷம் எத்தனை வினாடியில் முடித்தார்கள் என்பதெல்லாம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். மகளின் கால் மட்டும் தெரியவில்லை.

ஸ்கூட்டரில் ஊருக்குத் திரும்பினார்கள். சேறு காய்ந்து வேட்டியிலிருந்து உதிர்ந்துகொண்டே வந்தது.

அந்த வாரம் நயினார் காலையில் கடையைத் தாமதமாகத் திறந்தார். நித்திலா பயிற்சிக்குப் போகும் மைதானத்தின் சுவருக்கு வெளியே, ஒரு பழைய டிராக்டருக்குப் பின்னால் நின்றார். மகள் இடது காலை முன்னால் வைத்தாள். ஓடுவதற்கு முன் உதட்டை நாக்கால் நனைத்துக்கொண்டாள். முதல் சுற்றில் பூனைபோலப் போவாள். இரண்டாவது சுற்றில் வளைவு வரும்போது வலது தோள் கீழே இறங்கும். அது இறங்கும்போதெல்லாம் நயினார் டிராக்டருக்குப் பின்னால் தன் தோளை ஏற்றிப் பிடித்துக்கொண்டார்.

"தோள்ல என்ன, வாயுப் பிடிப்பா?" என்று மனைவி உலகம்மை கேட்டாள்.

"ஆமா," என்றார்.

சனிக்கிழமை கேமராவை எடுத்துக்கொண்டு குருவிடம் போனார். ஜெசிந்தா அதை வாங்கி மூன்றே பட்டன்களைத் தட்டினாள்.

"விடாமப் பிடிக்கிற ஃபோகஸ். மனிதர். குறுக்க யாராவது வந்தா உடனே அவங்க மேல தாவாம, கொஞ்சம் பொறுத்துப் பாக்கச் சொல்லியிருக்கேன். துப்பாக்கி வெடிக்கதுக்கு முன்னாலயே கட்டத்தை அவ மேல வச்சு பட்டனைப் பாதி அமுக்கிக்கோங்க. விரலை எடுக்கக் கூடாது."

"அவ்வளவுதானா?"

"கேமராவுக்கு அவ்வளவுதான்."

ஞாயிற்றுக்கிழமை நயினார் தொப்பியைக் கண் வரை இழுத்துவிட்டுக்கொண்டு வேலி ஓரம் ஒரு விளம்பரத் தட்டிக்குப் பின்னால் நின்றார். லென்ஸ் மட்டும் தட்டிக்கு வெளியே பீரங்கிபோல நீட்டிக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஜெசிந்தா தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெண்கள் கோட்டில் வந்து நின்றார்கள். இடது கால். நாக்கு. நயினார் பட்டனைப் பாதி அழுத்தினார். பச்சைக் கட்டம் நித்திலாவின் முகத்தில் உட்கார்ந்தது.

துப்பாக்கி வெடித்தது.

முதல் வளைவு தாண்டியதும் எல்லாரும் உள்பக்கம் நெருங்கிக் கூட்டமானார்கள். யாரோ குறுக்கே வந்தார்கள். பச்சைக் கட்டம் துடித்தது. நயினார் மகள் வெளியே வரப்போகும் இடத்துக்கு லென்ஸை நகர்த்திக் காத்திருந்தார். வந்தாள். கட்டம் அவள் மேலேயே இருந்தது. மைதானம் கத்தியது. ஒலிபெருக்கியில் ஏதோ பெயர் சொன்னார்கள். இரண்டாவது சுற்றின் வளைவு வந்தது.

"தோளு! தோளு!" என்று நயினார் கத்தினார். வேலி ஓரம் நின்றிருந்தவர்களில் பாதிப் பேர் தங்கள் தோளைத் தொட்டுப் பார்த்தார்கள்.

நித்திலா கோட்டைத் தாண்டினாள். நயினார் விரலை எடுக்கவில்லை. அவள் குனிந்து முழங்காலைப் பிடித்தாள், எடுத்தார். காறித் துப்பினாள், அதையும் எடுத்தார். தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டு நிமிர்ந்தாள். நேராக லென்ஸைப் பார்த்தாள்.

வேலியை நோக்கி நடந்து வந்தாள்.

"வர வேண்டாம்னுதானப்பா சொன்னேன்?"

நயினார் கேமராவைக் கழற்றி வேலிக்கு மேலே நீட்டினார்.

நித்திலா ஒவ்வொரு படமாகத் தள்ளினாள். அவள். அவள். அடுத்ததிலும் அவள். ஒரு படத்தில் நிறுத்தினாள்.

"என் தோள் இப்படியா விழுது?"

"ரெண்டாவது சுத்துல மட்டும். காலைல வெயில் முகத்துல அடிச்சா கொஞ்சம் கூட விழும்."

"காலைலயா? நீங்க எப்போ பாத்தீங்க?"

நயினார் தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

"இதுல நாக்கு வெளிய இருக்குப்பா. அழிச்சிருங்க."

"அதெல்லாம் அழிக்க முடியாது."

அவள் இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள். பி.டி. மாஸ்டர் கூப்பிட்டார். கேமராவைத் திருப்பிக் கொடுத்தாள்.

"வீட்டுக்கு உங்ககூட வண்டியிலயே வாரேன். போயிராதீங்க," என்று சொல்லிவிட்டு ஓடினாள். இடது காலை முன்னால் வைத்து.

நயினார் மூக்கை உறிஞ்சினார். அப்போது போன் அடித்தது. உலகம்மை.

"என்னங்க, ஓட்டம் முடிஞ்சுட்டா? பிள்ளை எத்தனாவது?"

நயினார் மைதானத்தைப் பார்த்தார். யாரையோ தோளில் தூக்கிக்கொண்டு ஆடினார்கள். யாரோ அழுதார்கள். கேமராவை எடுத்து வேக வேகமாகப் படங்களைத் தள்ளினார். எல்லாவற்றிலும் நித்திலாவின் முகம் மட்டுமே கண்ணாடிபோல இருந்தது. முன்னாலும் பின்னாலும் ஓடியவர்கள் வெறும் வண்ணப் புகை.

அவர் போனைக் கையால் பொத்திக்கொண்டார்.

"டீச்சர், எம் மவ எத்தனாவதா வந்தா?"

ஜெசிந்தா லென்ஸை மூடிப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தாள்.

"அது தெரியணும்னா மத்த பிள்ளைகளையும் பாத்திருக்கணும் அண்ணாச்சி."