படுக்கப் போட்ட தோல்

எனக்கு ஒரு குரு உண்டு. டாக்டர் ஃபர்சானா. என்னைவிட எட்டு வயசு சின்னவர். இருந்தால் என்ன? நோயாளியின் தோல் துண்டை மெழுகில் பதித்து, மெல்லிசாய்ச் சீவி, மைக்ராஸ்கோப்பில் பார்க்க எனக்குக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான்.

அன்று காலை அவர் மேஜையில் ஒரு மனுவை வைத்தேன். கெசியாவை வேலையை விட்டு எடுக்க வேண்டும் என்று எழுதியிருந்தேன். டாக்டர் ஒரு கையெழுத்துப் போட்டால் போதும், அவள் சீட்டு கிழிந்துவிடும்.

ஏன் என்கிறீர்களா? பத்தொன்பது வருஷமாக இந்த லேபில் மாடாய் உழைப்பவன் நான். நேற்று வந்த அவளுக்கு இன்சார்ஜ் பதவி! வயிறு எரிந்தது. மூன்று நாளாகச் சோறு இறங்கவில்லை.

"அவகிட்ட என்ன குறை, அண்ணாச்சி?"

"என்ன இருக்கு அவகிட்ட? பவுடர் பூசுறதும் பல்லைக் காட்டுறதும்தான். அதுலயே எல்லாரையும் கைக்குள்ள போட்டுக்கிட்டா."

"ஒரு நாளாவது உக்காந்து பேசியிருக்கீங்களா?"

"அவகூட எனக்கு என்ன பேச்சு?"

டாக்டர் மனுவைத் தொடவில்லை. மைக்ராஸ்கோப்பை என் பக்கம் திருப்பினார்.

"இதைப் பாருங்க."

பார்த்தேன். சருகு சருகாய் ஒன்றின்மேல் ஒன்று கிடந்தது.

"எல்லாம் செத்த செல்லு, டாக்டர். மேல்தோலோட உச்சி அடுக்கு."

"உயிருள்ள செல்லு?"

"ஒண்ணுகூட இல்ல."

"அப்போ இந்தத் தோலுக்கு அடி அடுக்கே கிடையாதா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அது இல்லாம தோல் ஏது? செல்லு பிறக்கிறதே அங்கதான? கொஞ்சங்கொஞ்சமா மேலே வந்து, உச்சிக்கு வரும்போதுதான் சாகும். எவனோ கூறுகெட்ட பய, துண்டை மெழுகுல நிமிர்த்தி வைக்காம படுக்கப் போட்டிருக்கான். படுக்கப் போட்டா கத்தி மேலாகத்தான சீவும்?"

"எவன்னு பாருங்க."

ஸ்லைடை எடுத்து லேபிளைப் பார்த்தேன். என் பெயர். நேற்று வெட்டியது. மனசெல்லாம் மனுவிலேயே இருந்திருக்கிறது.

வெட்கமாய்ப் போயிற்று. "துண்டு இன்னும் மிச்சம் இருக்கு, டாக்டர். மெழுகை உருக்கி, நிமிர்த்தி வெச்சு, இப்பவே வெட்டிட்டு வந்துடுறேன்."

"சரி."

வாசல்வரை போனேன். பாழாய்ப்போன மனசு கேட்கவில்லை, திரும்பினேன்.

"அந்த மனுவுல... கையெழுத்து?"

டாக்டர் மனுவை எடுத்து என் கையில் கொடுத்தார்.

"படுக்கப் போட்டு வெட்டினதுல நான் கையெழுத்துப் போடுறதில்ல, அண்ணாச்சி."