சேந்தன் கொட்டிய உப்பு

ஊருக்கு ஊர் சாலை போடாத காலத்தில் நடந்தது இது, கேளுங்கள். கடற்கரை உப்பை மாட்டு வண்டிகளில் ஏற்றி, மேற்கே கொண்டுபோய் நெல்லுக்கு மாற்றிவரும் வணிகர் கூட்டம் ஒன்று இருந்தது. அதன் தலைவன் சேந்தன். நல்லவன்தான். ஆனால் சொன்ன சொல்லுக்கு யாரும் மறுசொல் சொல்லிவிடக் கூடாது அவனுக்கு.

ஒரு கோடையில் அவர்கள் பொட்டல் வெளியின் நடுவே, வழக்கமாகத் தங்கும் கிணற்றடிக்கு வந்தார்கள். கிணறு வறண்டு கிடந்தது. தோல்பைகளில் இருந்த தண்ணீர் மறுநாள் வரை தாங்கினாலே பெரிது. எதிரே நின்ற மலைக்கு அப்பால் ஆறு ஓடியது. ஆனால் அந்த மலையில் வண்டி ஏறாது. மனிதரும் மாடும் நடந்துதான் ஏறவேண்டும்.

"உப்பையும் வண்டியையும் இங்கேயே விடுங்கள். நடங்கள்!" என்று கட்டளையிட்டான் சேந்தன்.

ஒருவரும் அசையவில்லை.

"இங்கேயே இருந்தால் செத்துப்போவீர்கள். பருந்துதான் தின்னும்," என்று மிரட்டினான். குழந்தைகள் அழுதன. பெரியவர்கள் அவரவர் வண்டியை இன்னும் இறுகப் பிடித்துக்கொண்டார்கள்.

கொற்றி என்பவள் மட்டும் வாய் திறந்தாள். "நான் உப்பை விட்டு வரமாட்டேன், தலைவரே."

'உயிரைவிட உப்பா பெரிது?' சேந்தனுக்கு ஆத்திரமாக வந்தது. கத்தலாம் என்று அவள் வண்டியருகே போனான். கொற்றி தன் பங்குத் தண்ணீரைக் குடிக்காமல், உள்ளே படுத்திருந்த யாருக்கோ புகட்டிக்கொண்டிருந்தாள்.

கத்த வந்தவன் அப்படியே தரையில் உட்கார்ந்தான்.

"யாரம்மா உள்ளே?"

"என் மாமியார். காலில் அடிபட்டு நடக்க முடியாமல் கிடக்கிறார். சொன்னால், விட்டுவிட்டு வா என்பீர்களோ என்று பயந்துதான் உப்பைச் சாக்குச் சொன்னேன்."

சேந்தன் தலை குனிந்தான். பிறகு ஒவ்வொரு வண்டியாகப் போய்க் கேட்டான். ஒன்றில் காய்ச்சல்காரன். இன்னொன்றில் பிள்ளை பெற்று எழுந்திராத பெண். எல்லாரும் உப்பைக் காட்டி, மனிதரை மறைத்திருந்தார்கள்.

"யாரையும் விட்டுப் போகமாட்டோம். ஆனால் எப்படிப் போவது என்று எனக்குத் தெரியவில்லை. நீங்கள் சொல்லுங்கள்," என்றான்.

காய்ச்சல்காரனின் தம்பி அத்தன், "தூளி கட்டித் தூக்கலாமே? கழியும் சாக்கும் இருந்தால் போதும்," என்றான்.

சேந்தன் எழுந்தான். தன் வண்டியிலிருந்த உப்பு முழுவதையும் மண்ணில் கொட்டிச் சாக்குகளை உதறினான். நுகத்தடியைக் கழற்றினான். அவன் யாரையும் ஏவவில்லை. ஆனாலும் பின்னாலிருந்து ஒவ்வொரு மூட்டையாகச் சரியும் ஓசை கேட்டது.

மாற்றி மாற்றித் தோள் கொடுத்து ஏறினார்கள். கொற்றியின் மாமியாரைச் சுமந்ததில் முன்தோள் சேந்தனுடையது. வழியில் இரண்டு மாடுகள் விழுந்துவிட்டன. மனிதர் ஒருவரும் விழவில்லை. பொழுது சாயும் முன் ஆற்றில் இறங்கி, வாய் நிறையத் தண்ணீர் குடித்தார்கள்.

"மெதுவாகவும் பேச வருமா உனக்கு?" என்று கேட்டாள், அவன் சுமந்து வந்த கிழவி. கூட்டமே சிரித்தது. சேந்தனும் சிரித்தான்.

ஆகவே கேட்டவர்களே, பலரைத் தன்னோடு அழைத்துப்போக நினைப்பவன், ஏவுவதற்கும் மிரட்டுவதற்கும் முன்னால் அவர்களுடைய பயம் என்னவென்று கேட்டறிய வேண்டும்.